4. மர்யம் சூராவைக் காதால் படிப்பது

எங்கள் நன்னிக்கு அரபி தெரியாது. ஓதத் தெரியும். அரபுத்தமிழில் அச்சான பழைய கிதாபுகளைத் தடுமாறாமல் வாசிப்பார். ஓதுகிறதற்குப் பொருள் கேட்டால் மட்டும், "அதெல்லாம் ஹஸ்ரத்மாருக்குத்தான் தெரியும்" என்று முடித்துவிடுவார். ஒரு நோன்பு நாளில் டேப் ரெக்கார்டரில் மர்யம் சூரா ஓடிக்கொண்டிருந்தது. முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை நிறுத்தினார்.

"கேட்டியா அத்தா? ஓசை மாறிடுச்சு பாரு. இவ்வளவு நேரம் கதை சொன்னாக. இப்பக் கண்டிப்பு வருது."

அப்போது எனக்கு எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. பல வருடம் கழித்து, தமிழ் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே சூராவைக் கேட்டபோதுதான் நன்னி கை நிறுத்திய இடம் பிடிபட்டது. அது 34ஆம் ஆயத். ஈசா நபியின் பிறப்புக் கதை அதற்கு முந்தைய ஆயத்தோடு முடிகிறது. 34இலிருந்து, அந்தக் கதையை வைத்துச் சண்டை போடுகிறவர்களுக்குப் பதில் தொடங்குகிறது. ஆயத்துகள் முடிகிற ஓசையும் சரியாக அங்கேதான் மாறுகிறது. பொருள் தெரியாத ஒருவர் காதை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் சொல்லியிருக்கிறார்.

நம்மில் பெரும்பாலோர் "ஓதத் தெரியும், அர்த்தம் தெரியாது" என்கிற நிலையில்தான் இருக்கிறோம். இந்த நிலைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து, ஒரு தர்ஜுமாவை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவது. நல்ல காரியம்தான். ஆனால் பலருக்கு இது பகரா சூராவின் நடுவில் எங்கோ நின்றுபோகிறது. நான் சொல்வது வேறு வழி. காது முன்னால் போகட்டும், பொருள் பின்னால் வரட்டும். அதற்கு ஒரே ஒரு சூராவை எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் அதோடு இருக்க வேண்டும்.

ஏன் மர்யம்? குர்ஆனின் 19ஆவது சூரா இது. மக்காவில் அருளப்பட்டது, 98 ஆயத்துகள். நிதானமாக ஓதினாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உட்கார்ந்த உட்காருக்கு முழுதாகக் கேட்கலாம். முதல் பாதி பெரும்பாலும் கதை. வருகிறவர்களும் தெரிந்தவர்கள்தான்: ஸகரிய்யா, யஹ்யா, மர்யம், ஈசா, இப்ராஹீம், இஸ்ஹாக், யஃகூப், மூஸா, ஹாரூன், இஸ்மாயீல், இத்ரீஸ். நம் தெருவில் சாயங்காலம் பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிடும்போது பாதிப் பெயர் இதிலிருந்துதான் வரும். பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்கள் இதை ஓதுவதும் ஓதச் சொல்லிக் கேட்பதும் பல வீடுகளில் பழக்கம் என்பதால், கேட்டே இராதவர்கள் குறைவு.

இன்னொரு காரணமும் உண்டு. மற்றவர்கள் கேட்பதற்காக ஓதப்பட்டது என்று வரலாற்றில் பேர் வாங்கிய சூரா இது. மக்காவில் துன்பம் தாங்காமல் முஸ்லிம்களில் ஒரு கூட்டம் செங்கடல் கடந்து அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்தது. பொது ஆண்டு 615ஐ ஒட்டி இந்தப் பயணங்கள் தொடங்கின. அவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் குறைஷியர் தூது அனுப்பினார்கள். கிறிஸ்தவ அரசரான நஜ்ஜாஷி, "உங்கள் நபி கொண்டுவந்ததில் ஏதாவது உன்னிடம் இருக்கிறதா?" என்று கேட்க, அபூதாலிபின் மகன் ஜஅஃபர் இந்தச் சூராவின் தொடக்கத்தை ஓதினார். அரசரின் தாடி நனையும் அளவுக்குக் கண்ணீர் வந்தது என்பது அந்தக் கூட்டத்தோடு போயிருந்த உம்மு ஸலமா அவர்கள் சொன்ன செய்தியாக இப்னு இஸ்ஹாக்கின் சீறாவில் பதிவாகியிருக்கிறது. அடைக்கலம் கேட்டு நின்ற இடத்தில் ஜஅஃபர் வாதம் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன், செய்தார். ஆனால் வாதத்துக்குப் பிறகு ஓதவும் செய்தார்.

இனி, யாருடைய ஓதலைக் கேட்பது? இதில் கவனம் வேண்டும். ஒரே சூராவை இரண்டு விதமாக ஓதுவார்கள். முரத்தல் என்பது நேரான, சீரான ஓதல். முஜவ்வத் என்பது ராகம் விரித்து, ஒரே ஆயத்தைத் திரும்பத் திரும்ப வேறு வேறு விதமாக எடுத்து, சபை "அல்லாஹ், அல்லாஹ்" என்று உருகுகிற ஓதல். அப்துல் பாஸித் அப்துஸ் ஸமத் (1927–1988) அதில் பேர்போனவர். அவர் மூச்சை அடக்கி ஒரே இழுப்பில் மூன்று நான்கு ஆயத்துகளைக் கடக்கும்போது நாமும் மூச்சு விடாமல் இருப்போம். ஆனால் இது பிறகு கேட்க வேண்டியது. ராகத்தில் மயங்கினால் ஆயத் எங்கே முடிந்தது என்பதே தப்பிவிடும்.

முதல் இரண்டு வாரத்துக்கு எகிப்தின் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரியை (1917–1980) வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. முழுக் குர்ஆனையும் முரத்தல் முறையில் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்தவர் அவர். அது 1961இல் வெளிவந்தது. 1964இல் கெய்ரோவில் குர்ஆனுக்கென்றே தனி வானொலி தொடங்கப்பட்டது. இன்று நம் கைபேசியில் வந்து நிற்கிற அத்தனை செயலிகளுக்கும் அவை முன்னோடி. ஹுஸரியின் குரல் சிலருக்கு வறட்சியாகத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் எழுத்து எழுத்தாக, அளந்து வைத்தாற்போல் ஓதுவார். நிறுத்த வேண்டிய இடத்தில்தான் நிறுத்துவார். முஹம்மத் ஸித்தீக் அல்மின்ஷாவியின் (1920–1969) முரத்தலும் இதற்கு ஏற்றது. குரலில் ஒரு துயரம் கூடுதலாக இருக்கும். வேகமாக ஓதுகிறவரைப் போட்டுவிட்டு, செயலியில் வேகத்தைக் குறைத்துக் கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம். குரல் இழுபட்டுக் காது சலித்துப்போகும். மெதுவாக ஓதுகிற காரியைத் தேடிக்கொள்வதே மேல்.

முதல் நாள் முஸ்ஹஃபும் வேண்டாம், தர்ஜுமாவும் வேண்டாம். உட்கார்ந்து கேளுங்கள். ஓதப்படும்போது காது கொடுங்கள், பேசாமல் இருங்கள் என்பது குர்ஆனே சொல்லும் ஒழுங்கு. சமையலறையில் குக்கர் விசிலுக்கு நடுவே ஓட விடுவது பரக்கத்துக்கு ஆகலாம். இந்தப் பயிற்சிக்கு ஆகாது.

சூரா ஐந்து எழுத்துகளோடு திறக்கிறது: காஃப், ஹா, யா, அய்ன், ஸாத். இவற்றுக்குப் பொருள் தேட வேண்டாம்; அல்லாஹ்வே அறிந்தவன் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் பலர் நிறுத்திக்கொண்டார்கள். கால அளவைக் கவனியுங்கள். காஃப் நீளும், விரலை மடக்கி எண்ணினால் ஆறு மாத்திரை. ஹாவும் யாவும் இரண்டிரண்டோடு நின்றுவிடும். அய்ன் மறுபடி நீளும், ஸாத் மறுபடி ஆறு. நெடில், குறுக்கம், குறுக்கம், நெடில், நெடில். இந்த ஒரு மூச்சிலேயே ஓதுகிறவர் எந்த வேகத்தில் போகப்போகிறார் என்பது உங்கள் காதுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்ததாக, தமிழ்க் காது ஒரு பழக்கத்தை விட வேண்டியிருக்கிறது. நமக்குப் பாட்டென்றால் எதுகை, மோனை. அடியின் தலையில் ஓசையைத் தேடிப் பழகியவர்கள் நாம். குர்ஆன் செய்யுள் இல்லை. அதைக் கவிதை என்று சொல்வதைக் குர்ஆனே மறுக்கிறது. ஆனால் ஆயத்துகளின் வாலில் ஓசை ஒன்றும். நம் இலக்கணத்தில் இயைபு என்கிறோமே, அதற்குக் கிட்டத்தில் வைத்துப் புரிந்துகொள்ளலாம். அரபியில் ஆயத்தின் இந்தக் கடைசிச் சொல்லுக்கு ஃபாஸிலா என்று பெயர். ஆகவே காதைத் தலையிலிருந்து எடுத்து வாலில் வையுங்கள்.

கேளுங்கள். ஸகரிய்யா. கஃபிய்யா. ஷகிய்யா. வலிய்யா. ரளிய்யா. ஸமிய்யா. ஒவ்வோர் ஆயத்தும் "இய்யா" என்ற மென்மையில் போய் இறங்குகிறது. இடையில் 9ஆம் ஆயத்தில் "ஷைஆ" என்று லேசாக நழுவும், பிறகு மறுபடி பிடித்துக்கொள்ளும். இங்கே ஒரு நுட்பம். முஸ்ஹஃபில் பார்த்தால் இவற்றில் பல "கஃபிய்யன்", "ஷகிய்யன்" என்றுதான் எழுதியிருக்கும். நிறுத்தும்போது "அன்" என்பது "ஆ" ஆகிவிடும். சேர்த்து ஓதினால் "அன்" திரும்பி வரும். ஆகவே "ஆ" கேட்டால் ஓதுகிறவர் அங்கே நின்றார் என்று பொருள். மத்ரஸாவில் பிரம்படி வாங்கிப் படித்த சட்டம்தான் இது; கேட்பதற்கு இவ்வளவு பயன்படும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

இந்த "இய்யா" 33ஆம் ஆயத் வரை ஓடும். முதியவரான ஸகரிய்யா பிள்ளை கேட்டு மெல்லிய குரலில் இறைஞ்சுவது, யஹ்யாவின் நற்செய்தி, மர்யமிடம் மனித உருவில் வானவர் வருவது, பேரீச்சை மரத்தடியில் பிரசவ வேதனை, ஊராரின் ஏச்சு, தொட்டில் குழந்தையின் பேச்சு எல்லாம் இந்த ஒரே இறக்கத்தில். பிறகு நன்னி கை நிறுத்திய இடம். "யம்தரூன்", "யகூன்", "முஸ்தகீம்", "அளீம்", "முபீன்". மூக்கொலியில் அடைபட்டு முடிகிற, தீர்ப்பு வாசிக்கிற ஓசை. ஏழே ஏழு ஆயத்துகள், 34 முதல் 40 வரை. 41இல் இப்ராஹீம் நபியின் பேச்சு எடுத்ததும் "நபிய்யா" என்று பழைய மென்மை திரும்பிவிடும். கதை மறுபடி தொடங்குகிறது என்று ஓசை அறிவிக்கிறது.

மூன்றாவது திருப்பம் 75இல். "ஜுன்தா", "மரத்தா", "மத்தா", "ளித்தா", "அத்தா", "இத்தா", "ஹத்தா". அடுத்தடுத்துத் தட்டுகிற தால் எழுத்து. இடையே "இஸ்ஸா", "அஸ்ஸா" என்றும் கடைசியில் "ரிக்ஸா" என்றும் மூன்று இடம் மட்டும் விலகும். இந்தப் பகுதியில் கதை கிடையாது. செல்வமும் பிள்ளைகளும் தனக்கே என்று பெருமையடித்தவனுக்குப் பதில், இறைவனுக்குப் பிள்ளை உண்டென்று சொல்வது எவ்வளவு பாரமான பேச்சு என்கிற எச்சரிக்கை. வானம் வெடித்து, பூமி பிளந்து, மலைகள் நொறுங்கி விழப் பார்க்கின்றன என்று வரும் இடத்தில் இறுதிச் சொல் "ஹத்தா". இடிந்து விழுவதைச் சொல்லும் அந்தச் சொல்லே இடிந்து விழுகிற மாதிரிதான் இருக்கும். ஓசையையும் பொருளையும் இப்படிப் பொருத்திப் பார்ப்பதை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் தேடப் போனால் இல்லாததெல்லாம் கேட்கும். இந்த இடத்தில் மட்டும் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

மூன்று ஓசைகளும் பிடிபட இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குப் பிறகு மைல்கற்களைத் தேடலாம்.

முதல் மைல்கல் "வத்குர்" என்ற சொல். "நினைவுகூர்வீராக" என்று நபியிடம் சொல்லப்படும் கட்டளை. ஐந்து முறை வரும்; ஒவ்வொன்றும் ஒரு புதிய ஆளை அறிமுகப்படுத்தும்: 16இல் மர்யம், 41இல் இப்ராஹீம், 51இல் மூஸா, 54இல் இஸ்மாயீல், 56இல் இத்ரீஸ். இடைவெளிகளைப் பாருங்கள். மர்யமுக்கு நீண்ட இடம், இப்ராஹீமுக்குப் பத்து ஆயத், மூஸாவுக்கு மூன்று, கடைசி இருவருக்கும் இரண்டிரண்டு. கதை வேகமெடுத்துக்கொண்டே போகிறது.

இரண்டாவது, இப்ராஹீம் நபி தம் தந்தையைக் கூப்பிடும் விளி: "யா அபதி". 42 முதல் 45 வரை நான்கு ஆயத்திலும் அவர் பேச்சின் முதல் சொல் அதுதான். "அபீ" என்றாலே என் தந்தை என்றுதான் பொருள். "அபதி" என்பதில் பாசமும் பணிவும் கூடுதல். தமிழ் மொழிபெயர்ப்புகளில் "என் தந்தையே!" என்று இருக்கும். நம் வீட்டில் யாரும் தந்தையைத் தந்தையே என்று கூப்பிடுவதில்லை. கேட்கும்போது மனசுக்குள் "அத்தா" என்றோ "வாப்பா" என்றோ வைத்துக்கொள்ளுங்கள். கேட்காத, பார்க்காத ஒன்றை ஏன் வணங்குகிறீர்கள் அத்தா என்று ஒரு மகன் நான்கு முறை கெஞ்சுவது அப்போதுதான் காதில் ஏறும். தந்தையின் பதிலில் "மகனே" என்ற சொல் கிடையாது. பெயரைச் சொல்லி, கல்லால் அடிப்பேன், என் கண்ணில் படாதே என்று முடித்துவிடுகிறார். அதற்கும் மகனிடமிருந்து வருவது ஸலாம்தான்.

மூன்றாவது "ரஹ்மான்". இதற்கு விரல் விட்டு எண்ணுங்கள். மொத்தம் 16 முறை. வேறெந்தச் சூராவிலும் இந்தப் பெயர் இத்தனை முறை வருவதில்லை. 57ஆம் ஆயத் முடிகிற வரை நான்கே முறைதான். மீதிப் பன்னிரண்டும் அதற்குப் பிறகு. 88க்கும் 93க்கும் இடையில் மட்டும் நான்கு. அதாவது ஓசை கடுமையாகிற பகுதியில்தான் அருளாளன் என்ற பெயர் நெருக்கமாக வருகிறது. ஏன் என்று நான் விளக்கப் போவதில்லை. நீங்கள் எண்ணிப் பார்த்த பிறகு உங்கள் ஊர் ஹஸ்ரத்திடம் கேளுங்கள். எண்ணிக்கொண்டு வந்து கேட்கிறவனிடம் அவர் கூடுதல் நேரம் பேசுவார்.

இப்போது சொற்கள். அரபி ஒன்றும் தெரியாது என்று சொல்கிறோம். பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போய்வந்தால் நாம் பேசுவதில் பாதி அரபிதான். "வாரிசு" அரபி. தமக்கு வாரிசாக ஒருவனைத் தா என்றுதான் ஸகரிய்யா கேட்கிறார்; 6ஆம் ஆயத்தில் "யரிஸு" என்ற ஓசையில் அந்த வேர் இருக்கிறது. பிறகு 40, 63, 80ஆம் ஆயத்துகளிலும் அதே வேர் வருகிறது. பூமிக்கு வாரிசு யார், சொர்க்கத்துக்கு வாரிசு யார், பெருமையடித்தவனின் சொத்துக்கு வாரிசு யார் என்று ஒரு சொல் சூரா முழுக்க நடந்து போகிறது. கோர்ட்டில் "ஆஜர்" என்கிறோமே, அது "ஹாளிர்" என்ற அரபிச் சொல் உருது வழியாக வந்தது. 68ஆம் ஆயத்தில் நரகத்தைச் சுற்றி ஆஜர்படுத்தப்படுவார்கள் என்று வரும் சொல்லுக்கும் வேர் அதுவே. மர்யம் பதில் பேசாமல் குழந்தையைச் சுட்டிக்காட்டும் இடத்தில் வரும் சொல் நம் "இஷாரா".

எனக்குப் பிடித்தது 76ஆம் ஆயத். கடன் "பாக்கி" என்று தினமும் சொல்கிறோம். எஞ்சி நிற்கும் நற்செயல்கள் என்ற பொருளில் "பாகியாத்" என்று அங்கே வருகிறது. வேலூரின் பாகியாத்துஸ் ஸாலிஹாத் மத்ரஸாவுக்கு அந்தப் பெயர் குர்ஆனின் இந்தச் சொற்சேர்க்கையிலிருந்து வந்தது. கஹ்ஃப் சூராவிலும் இதே சேர்க்கை உண்டு. அங்கே பட்டம் பெற்றவர்கள்தாம் "பாகவி". குர்ஆனை முழுதாகத் தமிழாக்கிய அப்துல் ஹமீது பாகவியின் பெயரிலும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் தர்ஜுமாவைக் கையில் வைத்துக்கொண்டு இந்த ஆயத்தைக் கேட்கும் நாளில் எனக்கு ஏனோ சிரிப்பு வரும்.

ஓசை ஒன்றாக இருப்பதால் ஏமாறவும் வாய்ப்புண்டு. 7ஆம் ஆயத்திலும் 65ஆம் ஆயத்திலும் முடிவுச் சொல் "ஸமிய்யா". "ஸமீஉ", அதாவது செவியேற்பவன் என்ற சொல்லோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொண்டு நான் பல நாள் இருந்தேன். சம்பந்தமே இல்லை. "ஸமிய்யா" என்பது பெயர் என்ற சொல்லின் உறவு: இந்தப் பெயரில் இதற்கு முன் ஒருவர் இல்லை என்று யஹ்யாவைப் பற்றியும், நிகரான ஒருவனை நீர் அறிவீரா என்று இறைவனைப் பற்றியும். அய்ன் எழுத்து காதில் விழுகிறதா என்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஒரு வாரம் போன பிறகு தர்ஜுமாவைத் திறக்கலாம். ஓதலும் தமிழும் ஒரே நேரத்தில் வேண்டாம். கண் படிக்கத் தொடங்கினால் காது மூடிக்கொள்ளும். ஒரு பகுதியை முதலில் தமிழில் படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், பிறகு அந்தப் பகுதியை மட்டும் ஓத விடுங்கள். பகுதியை எங்கே வெட்டுவது என்ற கவலை வேண்டாம். நம் நாட்டு அச்சு முஸ்ஹஃபில் ஓரத்தில் சின்னதாக ஓர் அய்ன் எழுத்தும் அதைச் சுற்றி மூன்று எண்களும் இருக்கும். அது ருகூஃவின் அடையாளம். மேலே இருப்பது சூராவில் எத்தனையாவது ருகூஃ என்பது, நடுவில் அந்த ருகூஃவில் எத்தனை ஆயத் என்பது, கீழே ஜுஸ்வில் எத்தனையாவது என்பது. மர்யமில் ஆறு ருகூஃகள். 15, 40, 50, 65, 82, 98 ஆகிய ஆயத்துகளில் முடியும். ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கொண்டுவந்து தரும் மதீனா அச்சில் இந்த அய்ன் இருக்காது, பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழில் படிக்கும்போது சில இடங்களில் தடுக்கும். 11ஆம் ஆயத்தில் ஸகரிய்யா மிஹ்ராபிலிருந்து வெளியே வந்து சைகை காட்டுகிறார். பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. 12ஆம் ஆயத்தின் முதல் சொல்லே, "யஹ்யாவே!" பிறந்தார், தவழ்ந்தார், வளர்ந்தார் எல்லாம் இரண்டு ஆயத்துக்கு நடுவே உள்ள ஒரு மூச்சில் போய்விட்டது. மொழிபெயர்ப்பாளர் அடைப்புக்குறிக்குள் ஏதாவது போட்டு நிரப்பியிருப்பார். ஓதுகிறவர் நிரப்ப மாட்டார். அந்த மௌனத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

இதைவிடக் கடினம் 64. சொர்க்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வரும்போது முன்னறிவிப்பு இல்லாமல், உம் இறைவனின் கட்டளையின்றி நாங்கள் இறங்குவதில்லை என்று வேறொரு குரல் பேசும். யார் இந்த நாங்கள்? வானவர்கள். இன்னும் அடிக்கடி எம்மைச் சந்திக்க வரக்கூடாதா என்று நபிகளார் ஜிப்ரீலிடம் கேட்டபோது இறங்கிய ஆயத் இது என்று புகாரியில் வருகிறது. இந்தச் செய்தி தெரியாமல் எத்தனை முறை கேட்டாலும் அந்த இடம் திறக்காது. காது எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் தஃப்ஸீர் வேண்டும் என்பதற்கு இந்த ஓர் ஆயத் போதும்.

58ஆம் ஆயத்தில் ஸஜ்தா உண்டு. முஸ்ஹஃபில் அடையாளம் இருக்கும். ரஹ்மானின் வசனங்கள் ஓதப்பட்டால் அழுதுகொண்டு ஸுஜூதில் விழுவார்கள் என்று முன்சென்ற நபிமார்களைப் பற்றிச் சொல்லும் இடம். இறுதிச் சொல் "புகிய்யா", அழுகை. கேட்கிறவரும் ஸஜ்தா செய்ய வேண்டும்: ஹனஃபியில் வாஜிப், ஷாஃபியில் ஸுன்னத். ஒலிப்பதிவில் கேட்டால் என்ன சட்டம் என்பதை உங்கள் மத்ஹப் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தராவீஹில் பின்வரிசையில் நிற்கிறவர்கள் விழிப்பாக இருக்க வேண்டிய இடமும் இதுதான். ஒரு வருடம் வெளியூர்ப் பள்ளியில், இமாம் தக்பீர் சொன்னதும் நான் பழக்கத்தில் ருகூஃவுக்குக் குனிந்தேன். கண் முன்னால் ஒரு வரிசை முழுக்கக் குதிகால்களாகத் தெரிந்தபோதுதான் எல்லோரும் ஸஜ்தாவில் இருப்பது புரிந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் எழுந்துவிட்டார்கள். அந்த வருடம்தான் மர்யம் சூராவை ஒழுங்காகக் கேட்பது என்று முடிவெடுத்தேன்.

இரண்டாவது வாரக் கடைசியில் மறுபடி எதுவும் கையில் இல்லாமல், முதல் நாள் மாதிரியே, முழுச் சூராவையும் கேளுங்கள். இந்த முறை ஒரே ஒரு கேள்வியோடு: யார் பேசுகிறார்கள், யார் பேசாமல் இருக்கிறார்கள், யாருக்குக் கேட்கிறது? ஸகரிய்யாவின் துஆ பிறர் காதில் விழாத மெல்லிய குரலில் தொடங்குகிறது. பிறகு அடையாளமாக மூன்று இரவு அவருக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. மர்யம் யாரோடும் பேசுவதில்லை என்று ரஹ்மானுக்காக நோன்பு நேர்ந்துகொள்கிறார். தாய் வாய் மூடியிருக்க, தொட்டில் குழந்தை பேசுகிறது. இப்ராஹீம் கேட்பதே, காது கேளாததை ஏன் வணங்குகிறீர்கள் என்று. 62இல் சொர்க்கம் என்றால் என்ன என்று சொல்லும்போதும் அங்கே காதில் விழுவதை வைத்தே சொல்லப்படுகிறது: வீண்பேச்சு கேட்காது, ஸலாம் மட்டும் கேட்கும்.

98ஆம் ஆயத்தின் கடைசிச் சொல் "ரிக்ஸா". மிக மெல்லிய முணுமுணுப்பு என்று பொருள். அழிந்துபோன தலைமுறைகளிடமிருந்து ஒரு முணுமுணுப்பாவது உமக்குக் கேட்கிறதா என்ற கேள்வியோடு சூரா நிற்கிறது. அந்தக் கேள்விக்குப் பிறகு அறையில் சத்தம் இருக்கக் கூடாது. கைபேசிச் செயலிகள் ஒரு விநாடி கூடப் பொறுக்காமல் தாஹா சூராவுக்குத் தாவிவிடும். தானாக அடுத்ததற்குப் போகும் வசதியை முதலிலேயே அணைத்து வையுங்கள்.